பார்ப்பதற்கு என்ன செலவு?

குன்சான்
அக்டோபர் 4

அன்புத் தம்பி இன்மோவுக்கு,

சுசோக் அறுவடைப் பண்டிகையன்று சாப்பாட்டு மேசையில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, உங்க ஸ்கூல் லைப்ரரில ஒரு புஸ்தகத்தத் தெறந்து சும்மா ஒரு பக்கம் பாக்கறதுக்கு என்ன செலவாகும்?" நான் யோசிக்கவே இல்லை. "பாக்கறதுக்கு என்னடா செலவு? ஒண்ணுமில்ல" என்றேன். வாயில் சோற்றோடு சிரித்தாய். "அங்கதான் எங்க பொழப்பே ஓடுது" என்றாய். அதற்குள் யாரோ உன் கிண்ணத்தில் சோஜூ மது ஊற்ற, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நடுநிலைப் பள்ளியில் வாழ்நாள் முழுக்க அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவளை இப்படிப் பாதியில் விட்டுப் போகலாமா? தவறான விடை என்று தெரிகிறது. எங்கே தவறு என்று தெரியவில்லை. தொலைபேசியில் கேட்கலாம் என்றால் என் காது ஒத்துழைக்க மறுக்கிறது. கருவி மாட்டினாலும் உன் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலத்தான் இருக்கிறது. அதனால் கடிதம். நீயும் கடிதமே எழுது.

உன் வீட்டுக்காரி சுஜோங்கின் முதுகு வலி எப்படி இருக்கிறது? என் முழங்கால் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, மற்றபடி தொந்தரவில்லை.

உன் அக்கா
பில்சுக்

•

தேஜான்
அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இன்மோ வணங்கி எழுதுவது. சுஜோங்குக்கு இப்போது குனிந்து செருப்பு மாட்ட முடிகிறது. உங்கள் முழங்காலுக்கு அவள் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள்.

உங்கள் விடை புத்தகத்துக்குச் சரி, எங்கள் கணினிக்குத் தவறு. அதில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கோர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கோரும் தனியாக வேலை செய்யும் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகள் எல்லாம் வட்டில் இருக்கின்றன. வட்டு என்பது தூரத்துக் கிடங்கு. எப்போதும் கிடங்குக்கே ஓட முடியாது, அதனால் ஒருமுறை எடுத்துவந்த பக்கத்தைக் கூடத்து மேசையிலேயே போட்டு வைப்போம். அந்த மேசைதான் கேஷ். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மேசை நிரம்பினால் ஒருவன் வந்து பழைய பக்கங்களை அகற்றுவான். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே அவன் பக்கத்தை உருவிவிடக் கூடாது இல்லையா? அதனால் ஒவ்வொரு பக்கத்தோடும் ஒரு சீட்டு. படிக்க வருபவர் சீட்டில் ஒன்று கூட்ட வேண்டும், முடித்ததும் ஒன்று கழிக்க வேண்டும். பூஜ்யம் என்றால் அகற்றலாம்.

சிக்கல் அந்தச் சீட்டில்தான். பக்கத்தை எத்தனை பேரும் ஒன்றாகப் பார்க்கலாம். சீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். படிக்க ஒரு கண்சிமிட்டல் போதும். 'நான் படிக்கிறேன்' என்று எழுதுவதற்குத்தான் வரிசை. ஆள் கூடினால் வேலை வேகமாகும் என்று நம்பி வாங்கிய இயந்திரம், ஆள் கூடக் கூட நத்தையாகிறது.

நான் செய்வது இதுதான்: ஆளுக்கொரு சொந்தச் சீட்டு. அகற்ற வருபவன் மட்டும் எல்லோரிடமும் போய்ச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். என் மேற்பார்வையில் பாங் நாரே என்ற பெண் இதை வைத்துத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். கெட்டிக்காரி, என்னிடம் மட்டும் வார்த்தையை எண்ணித்தான் பேசுவாள். ஜனவரியில் எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் நல்ல முடிவு காட்டினால்தான் எங்கள் குழு இருக்கும். நாரேயின் பட்டமும் அதே வேலையில்தான் நிற்கிறது.

குளிர் வருகிறது. வீட்டுத் தரையைச் சூடாக்கும் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்மோ

•

குன்சான்
அக்டோபர் 24

அன்புத் தம்பிக்கு,

தைலம் வந்தது. முழங்காலை விட அறைதான் அதிகம் மணக்கிறது. சுஜோங்குக்கு என் நன்றி.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பொதுக் குளியல் விடுதி நினைவுக்கு வந்தது. ஒவ்வொருவரும் காலணியைத் தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். வாசலில் யாரும் தலை எண்ணுவதில்லை. கடையைச் சாத்தும்போது அந்த அம்மாள் எல்லாப் பெட்டிகளையும் ஒரு பார்வை பார்க்கிறாள், உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரிந்துவிடுகிறது. இதுதானே உன் முறை? புரிந்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் குழப்பம் வந்துவிட்டது. கணினியில் ஒரு வேலை ஒரு கோரில் தொடங்கி இன்னொரு கோரில் முடியும் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் ஒருவர் இந்தச் சீட்டில் ஒன்று கூட்டிவிட்டு, அந்தச் சீட்டில் ஒன்று கழிப்பாரே? அந்தச் சீட்டில் முன்பு பூஜ்யம்தானே இருந்தது? அதில் மைனஸ் ஒன்று என்று வராதா? அப்படியென்றால் அந்த இடத்தில் மைனஸ் ஒரு ஆள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாரா? அவர் எப்படி இருப்பார்? பெட்டியில் வராத காலணியைத் தேடுகிறவர் போலவா?

இன்னொன்று. இந்த நிமிடம் மொத்தம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சிரிக்காமல் பதில் எழுது. பிள்ளை சரியாகச் சாப்பிடுகிறானா?

பில்சுக்

•

தேஜான்
நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பிள்ளை சாப்பிடுகிறான், அதைத் தவிர வேறெதுவும் செய்வதாகத் தெரியவில்லை.

சிரிக்காமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள். உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டில் குழுவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது யாராவது கூட்டத்துக்கு வராவிட்டால் "இன்னிக்கு மைனஸ் ஒரு ஆள் வந்திருக்காரு" என்கிறார்கள். ஆனால் நீங்கள் சொன்னது சரி. சீட்டில் மைனஸ் ஒன்று வரத்தான் செய்யும். ஒரு சீட்டைத் தனியாகப் பார்த்தால் அதற்கு அர்த்தமே இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் மட்டும் உண்மை வரும். இந்த நிமிடம் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்புவதுதான் எங்களை இத்தனை காலம் மெதுவாக்கியது.

பெரிய செய்தி இனிமேல்தான். முடிவு வந்துவிட்டது. பழைய முறையை விட எங்களுடையது ஆறு மடங்கு வேகம்! பழைய முறையில் ஒவ்வொரு கோரும் எவ்வளவு நேரம் வெறுமனே காத்துக் கிடக்கிறது என்பதையும் வரைபடமாகக் காட்டினேன். எங்கள் நிறுவன இயக்குநர் சா நாற்காலியை விட்டு எழுந்து வந்து திரையைத் தொட்டுப் பார்த்தார். "யோவ் குவாக், இத்தன நாள் இத எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். அந்த வாரமே நுழைவாயிலில் பெரிய பதாகை. 'ஆறு' என்ற எண் மட்டும் அதில் என் உயரத்துக்கு இருக்கிறது. காலையில் அதைக் கடந்து போகும்போது வெட்கமாகவும் இருக்கிறது, திரும்பிப் பார்க்கவும் தோன்றுகிறது.

நாரேயிடம் அளவுகளை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்து ஆய்வேட்டில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்மோ

•

குன்சான்
நவம்பர் 27

அன்புத் தம்பிக்கு,

ஆறு! பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டேன். எதில் ஆறு என்று கேட்டார்கள். பார்ப்பதில் என்றேன். கண் மருத்துவமனையில் வேலையா என்று கேட்டார்கள்.

குளிர்காலக் கிம்ச்சி போட்டு முடித்தோம். இந்த வருடம் முட்டைக்கோஸ் நன்றாக இருந்தது. குழுவில் எல்லோருக்குமாக ஒரு பெரிய டப்பா அனுப்பியிருக்கிறேன். குளிர்ப்பெட்டியில் வைக்குமுன் ஒரு நாள் வெளியே புளிக்க விடுங்கள்.

எனக்குக் கேட்க மூன்று விஷயங்கள். அகற்ற வருகிறவனுக்கு இப்போது வேலை கூடிவிட்டதே, அவன் முணுமுணுக்க மாட்டானா? இரண்டாவது, ஒருவன் சீட்டுகளைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் புதிதாகப் படிக்க வந்தால்?

மூன்றாவது, உன் வரைபடம். விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் குறிக்க ஓர் ஆசிரியர் கடிகாரத்தோடு கோட்டில் நிற்பார். உன் கோர்கள் காத்திருந்த நேரத்தை யார் குறித்தது? அதற்கென்று தனி ஆள் உண்டா? காத்திருந்தவரே குறித்துக்கொண்டால், எதில் குறித்தார்?

உடம்பைப் பார்த்துக்கொள். மதிப்பீடு முடிகிற வரையாவது சோஜூவைக் குறை.

பில்சுக்

•

தேஜான்
டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கிம்ச்சி அருமை. குழு முழுக்கப் பேச்சு அதுதான். உங்கள் முதல் கேள்விக்கு: முணுமுணுப்பான், ஆனால் அவன் எப்போதாவதுதான் வருவான். இரண்டாவதற்கு: கூட்டத் தொடங்குமுன், புதிதாக வருகிறவர்கள் இனிப் பழையபடி ஒரே சீட்டில் எழுத வேண்டும் என்று அறிவித்துவிடுவோம்.

வருடக் கடைசி விருந்து நடந்தது. பன்றி வயிற்றுக்கறி சுட்டோம். ஒரு சிறு விஷயம், மனதை விட்டுப் போகவில்லை. பெரியவர் ஊற்றிக் கொடுத்தால் சின்னவர்கள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தானே குடிப்பார்கள்? நான் ஊற்றினேன். நாரே இரண்டு கையாலும் வாங்கினாள், வணங்கினாள், பிறகு திரும்பாமல் என் முகத்தை நேராகப் பார்த்தபடி குடித்து முடித்தாள். "என்னம்மா, கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்று இயக்குநர் கேட்டார். "ஆமா சார், கொஞ்ச நாளா இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

போன முறை வந்தபோது என் பெயர் முத்திரையை அங்கே விட்டுவிட்டேனா? பழைய மேசை இழுப்பறையில் பாருங்கள். அவசரமில்லை.

இன்மோ

•

குன்சான்
டிசம்பர் 16

அன்புத் தம்பிக்கு,

மேசை இழுப்பறை, அலமாரி, நீ படுத்த அறையின் மெத்தை மடிப்பு எல்லாம் பார்த்துவிட்டேன். முத்திரை இங்கே இல்லை. சுசோக்குக்கு வந்தவன் முத்திரையை எதற்கு எடுத்து வந்தாய் என்பதும் புரியவில்லை. எதில் குத்துவதற்கு வேண்டும்? அவசரம் என்றால் உங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கடை இருக்கிறதே. ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் உன் பெயரைச் செதுக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

நாரேயின் கழுத்துக்குச் சூடான துண்டு வைக்கச் சொல். கழுத்துப் பிடிப்பு என்றால் முகம் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிடும் என்றுதான் நான் அறிந்திருக்கிறேன். நேராகவே நிற்கும் பிடிப்பை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நான் மூன்று கேள்வி கேட்டேன், நீ இரண்டுக்கு எழுதினாய். தாள் தீர்ந்துவிட்டதா?

இங்கே பனி விழுகிறது. சுஜோங்கை வழுக்காமல் நடக்கச் சொல்.

பில்சுக்

•

தேஜான்
டிசம்பர் 28

மதிப்புக்குரிய பில்சுக் டீச்சருக்கு,

வணக்கம். நான் உங்கள் தம்பி குவாக் சாரிடம் ஆய்வு செய்யும் பாங் நாரே. உங்கள் டப்பாவைக் காலியாக அனுப்ப மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் காய வைத்த பெர்சிமன் பழம் வைத்திருக்கிறேன். கிம்ச்சியை நாங்கள் சாற்றைக்கூட விடாமல் முடித்தோம். குளிரில் நலமாக இருக்கிறீர்களா?

உங்கள் கடிதங்கள் எங்களுக்குப் பழக்கம். சார் சாப்பாட்டு வேளையில் சத்தமாகப் படிப்பார். மைனஸ் ஒரு ஆளுக்கு ஒரு தட்டு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம். கிம்ச்சியோடு வந்த கடிதத்தை மட்டும் மூன்றாவது கேள்வியில் நிறுத்தி, "மிச்சம் குடும்ப விஷயம்" என்று மடித்து வைத்துவிட்டார்.

அறிவியல் டீச்சரான உங்களிடம் ஒரு கணக்குக் கேட்கலாமா? இரண்டு அணிகள் ஓடுகின்றன. முதல் அணியில் ஒவ்வொருவரும் ஓடி முடித்ததும் கரும்பலகையில் தன் நேரத்தை எழுதிவிட்டுத்தான் அடுத்த சுற்று ஓட வேண்டும். ஒரே கரும்பலகை, ஒரே சாக்பீஸ். இரண்டாவது அணிக்குக் கரும்பலகையே கிடையாது. இரண்டாவது அணி ஆறு மடங்கு வேகம் என்று வருகிறது. முதல் அணியிடமிருந்து கரும்பலகையை எடுத்துவிட்டு ஓடவிட்டால் வித்தியாசம் ஒன்றரை மடங்குதான். எதை எழுதுவது? நான் ஒன்றரை என்று எழுதிவிட்டேன்.

என் ஆய்வேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஐந்து தேர்வாளர்களின் முத்திரைகள் விழ வேண்டும். நான்கு விழுந்துவிட்டன. சாருடையது மட்டும் பாக்கி. ஜனவரிக் கடைசிக்குள் நூலகத்தில் கொடுக்காவிட்டால் பட்டம் ஆகஸ்டுக்குப் போய்விடும். மார்ச்சில் எனக்காக வைத்திருக்கும் வேலை அதுவரை நிற்காது. சாரிடம் கேட்டேன். "முத்திரை குன்சான்ல அக்கா வீட்டுல இருக்கும்மா, தேடிக்கிட்டு இருக்காங்க" என்றார். கிடைத்ததா டீச்சர்? தொந்தரவுக்கு மன்னியுங்கள். அதைக் கேட்கத்தான் இத்தனையும் எழுதினேன்.

பாங் நாரே

•

குன்சான்
ஜனவரி 4

அன்புள்ள நாரேக்கு,

புத்தாண்டில் நல்லது நடக்கட்டும். பழம் மிக இனிப்பு, நீண்ட நேரம் வாயிலேயே வைத்திருந்தேன்.

உன் கணக்கை நான்கைந்து முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி புரிகிறது. அந்தக் கரும்பலகையை வைத்தவர் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்க மாட்டார். எங்கே நேரம் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருப்பார். வேகமான அணிக்குக் கரும்பலகை தேவைப்படவில்லை என்று எடுத்திருப்பார். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் ஓட்டம் பொய்யாகிவிட்டது. இப்படியும் நடக்குமா என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. ஆசிரியராக இருந்தால் எல்லாக் கணக்குக்கும் விடை தெரிந்திருக்கும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எனக்கு இதில் தெரிந்தது, பதாகையில் ஆறு இருக்கும்போது நீ ஒன்றரை என்று எழுதியிருக்கிறாய் என்பது மட்டும்தான்.

முத்திரையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வீடு பெரியது. கிடைத்துவிடும்.

கழுத்து எப்படி இருக்கிறது?

பில்சுக்

•

குன்சான்
ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து கடிதமே இல்லை. எல்லோரும் நலம்தானே?

உன் முத்திரை கிடைத்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். சந்தைப் பக்கம் போனபோது கிடைத்தது. சிவப்பு மை டப்பாவும் ஒன்று சேர்த்து வைத்திருக்கிறேன், உன்னுடையது காய்ந்து போயிருக்கலாம்.

வேறு விசேஷம் இல்லை. மூன்றாவது கேள்விக்குப் பதில் வேண்டாம்.

அக்கா

•

தேஜான்
ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணங்குகிறேன். நாங்கள் எல்லோரும் உடம்பளவில் நலம். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரி வரவில்லை. இப்போதும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் பொட்டலத்தை அலுவலகத்தில் பிரித்தேன். புது மரத்தின் வாசனை. நாரே எதிர் மேசையில் இருந்தாள்.

"முத்திரை கெடச்சிடுச்சா சார்?"

"கெடச்சிடுச்சு."

"புதுசாட்டம் இருக்கே?"

"எங்க அக்கா எதையும் கழுவாம அனுப்ப மாட்டாங்கம்மா."

அவள் சிரிக்கவில்லை. ஆய்வேட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். நான் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றுதான் பார்ப்பது போல, அந்த அட்டவணைப் பக்கத்தை மறுபடியும் பார்த்தேன். ஒன்றரை. அது சரி என்று நவம்பரிலேயே என்னிடம் காட்டியிருந்தாள். "மதிப்பீடு முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லியிருந்தேன். இதை நான் உங்களுக்கு எழுதவில்லை. குத்தினேன். மை கொஞ்சம் அதிகமாகி, பெயரின் ஓரம் பரவிவிட்டது. "பரவால்ல சார், படிக்க முடியுது" என்றாள்.

பிறகு இயக்குநரிடம் போனேன்.

"ஆறு எங்கய்யா போச்சு?"

"ஆறு எப்பவுமே இல்ல சார். பழைய முறையில காத்திருப்ப அளக்கறதுக்கு நானே ஒரு பொது இடம் வச்சிருந்தேன். அத்தன கோரும் அங்க வந்து எழுதிச்சு. பாதிக்கு மேல அதுக்குத்தான் காத்துக் கெடந்திருக்குங்க. நம்ம முறையில அத வைக்கல."

"ஒரே எடத்துல எல்லாரும் எழுதக் கூடாதுன்னுதான உனக்கு சம்பளமே குடுக்கறேன்?"

"ஆமா சார்."

"நீயே ஒரு எடத்த வச்சு, எல்லாரையும் அதுல எழுத விட்ருக்க."

"ஆமா சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பதாகைய இப்ப நான் என்னய்யா பண்றது? சுருட்டி உன் வீட்டுக்கு அனுப்பட்டுமா?" என்றார். கோபமா வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மதிப்பீட்டில் நானே எழுந்து ஒன்றரை என்றேன், ஆறு எப்படி வந்தது என்றும் சொன்னேன். குழுவைக் கலைத்துவிட்டார்கள். எனக்கு வேறு கட்டடத்தில், வேறொருவருக்குக் கீழ் இடம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கோர் இயந்திரம் இன்னொரு குழுவுக்குப் போகிறது. நாரேயின் ஆய்வேடு நூலகத்தில் சேர்ந்துவிட்டது. மார்ச்சில் வேலைக்குப் போவாள்.

நிரலை உண்மையான எண்ணோடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டோம், அவள் பெயரை முதலில் போட்டு. பின்லாந்திலிருந்து முகம் தெரியாத ஒருவர் தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது, உபயோகமானதுதான் என்று எழுதியிருக்கிறார். குறைவான எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது இதுவே முதல் முறை.

என்னால் ஒன்றைத்தான் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இருபது வருடம் இதே தவற்றை மற்றவர்களின் நிரலில் தேடிக் கண்டுபிடித்தவன் நான். என் கையாலேயே வைத்ததை எப்படிப் பார்க்காமல் போனேன்? அது அளக்கும் கருவி, வேலையில் சேராது என்று நினைத்தேனா? நினைக்கக்கூட இல்லையா? எனக்கே தெளிவாகவில்லை. நிம்மதியா, நஷ்டமா என்று சுஜோங் கேட்கிறாள்.

பழைய முத்திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நன்றி அக்கா.

இன்மோ

•

குன்சான்
பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

சந்திரப் புத்தாண்டான சோல்லால் பண்டிகைக்கு மூவரும் வாருங்கள். அரிசி அப்பச் சூப்புக்கு எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். நாரேக்கும் ஒரு வரி எழுதினேன், கழுத்து சரியாகிவிட்டதாம்.

கடிதத்தைப் படித்து நானும் உன்னைப் போலத்தான் குழம்பிக் கிடக்கிறேன். குழு போனதற்கு வருத்தப்படுவதா, அந்தப் பெண் நல்லபடியாக வெளியே போனதற்குச் சந்தோஷப்படுவதா? இரண்டும் ஒரே நாளில் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை. உன் கையாலேயே வைத்ததை எப்படிப் பார்க்காமல் போனாய் என்று கேட்டிருந்தாய். நேற்று ஒன்று நடந்தது.

மூச்சு வாங்குகிறது என்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பயப்படாதே, வெறும் சளிதான். தாதி என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள், வெகு நேரம் விடவே இல்லை. "ஏம்மா, நாடி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேட்டேன். "நாடி எப்பவோ எண்ணி முடிச்சாச்சும்மா. மூச்ச எண்ணிக்கிட்டு இருந்தேன். மூச்ச எண்ணப் போறேன்னு சொன்னா நீங்க வேற மாதிரி விட ஆரம்பிச்சிடுவீங்க. அதான் கையப் புடிச்ச மாதிரியே இருந்தேன்" என்றாள். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சுவாசம் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து நானே எண்ணிப் பார்த்தேன். அவள் எழுதிக் கொடுத்த எண் வரவில்லை. மறுபடி எண்ணினேன். அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

நீயும் செய்து பார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் உன் மூச்சை நீயே எண்ணி எழுதிக்கொள். பிறகு எப்போது எண்ணப் போகிறாள் என்று உனக்குச் சொல்லாமல் சுஜோங்கை எண்ணச் சொல், அவள் சொல்லும் எண்ணைப் பக்கத்தில் எழுது.

அக்கா